நூலகத்தில் ஆட்குறைப்பு: கையொப்பமிடும் முன் எண்ண வேண்டிய நாட்கள்

கடிதம்

லண்டனின் வெளிவட்டத்தில் உள்ள ஒரு பரோவில் (நகரின் உள்ளூராட்சிப் பிரிவு), உள்ளூராட்சி சபையின், அதாவது கவுன்சிலின், நூலகங்களில் 17 ஆண்டுகளாக உதவியாளராக இருக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் யாரென்று தெரிந்துவிடாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஆனால் நாட்களுக்கு இடையிலான தூரத்தை மாற்றவில்லை. அவருடைய சிக்கலே அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது.

வாரத்துக்கு 24 மணி நேர வேலை. செவ்வாயும் வியாழனும் ஒரு கிளை, சனிக்கிழமை இன்னொரு கிளை. சனி காலையில் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கதைநேரம் நடத்துகிறார். நூலகத்துக்கு வருமுன் பக்கத்துப் பரோவின் ஆரம்பப் பாடசாலை ஒன்றில் நான்கு ஆண்டுகள் வகுப்பு உதவியாளராக இருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை அங்கிருந்து விலகி, அடுத்த திங்கட்கிழமையே நூலகத்தில் சேர்ந்தவர். வயது 54. வரும் மே 19-ஆம் திகதி 55 ஆகிறது. உடல்நலம் குன்றிய தாயாரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்.

வரவுசெலவில் விழுந்த துண்டை அடைக்க, கவுன்சில் நூலகச் சேவையை மீளாய்வு செய்கிறது. சில கிளைகளில் பாதி நேரம் ஊழியர் எவரும் இல்லாமல், அட்டையைக் காட்டிக் கதவைத் திறந்துகொள்ளும் முறை வரும். 31 பணியிடங்கள் நீக்கப்படும். அவற்றில் 8 ஏற்கெனவே வெற்றிடம். 5 பேர் தாமாக முன்வந்து விலகுவார்கள். ஆகவே கட்டாயமாக வேலையிழப்போர் 18 பேர் மட்டுமே என்றும், 20-க்குக் குறைவு என்பதால் தொழிற்சங்கத்துடன் சட்டபூர்வமான கலந்தாய்வு தேவையில்லை என்றும் மனிதவளப் பிரிவு கேள்வி-பதில் தாளில் எழுதியிருக்கிறது. ஆயினும் கவுன்சிலின் சொந்தக் கொள்கையின்படி ஜனவரி 14 முதல் பெப்ரவரி 13 வரை ஊழியர்களிடம் கருத்துக் கேட்கிறார்கள். விருப்ப விலகலுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஜனவரி 30. விண்ணப்பித்தால் மார்ச் 31 வேலையின் கடைசி நாள். விண்ணப்பிக்காதவர்களுக்கு நேர்முகம் நடத்தி, தெரிவாகாதோருக்கு பெப்ரவரி 20-இல் நோட்டீஸ்.

அவர் கேட்பவை நான்கு. பெப்ரவரி இறுதியில் சபை வரவுசெலவை நிறைவேற்றத்தான் போகிறது, பிறகு இந்தக் கலந்தாய்வு வெறும் நாடகம்தானே? நான் யூனியனில் இல்லை. இப்போது சேர்ந்தால் பட்டியலில் முதல் பெயர் என்னுடையதாகிவிடாதா? கவுன்சில் வங்குரோத்தானால் ஒரு சதமும் வராது, தருவதை இப்போதே வாங்கு என்று அத்தான் சொல்கிறார், அது சரியா? நம்மவர் ஒருவர் கவுன்சிலராக இருக்கிறார், அவரிடம் சொன்னால் வேலையைக் காப்பாற்றித் தருவாரா?

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் நான்கு கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன், நீங்கள் கேட்காத ஐந்தாவது கேள்விக்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஜனவரி 30 நெருங்குகிறது: மார்ச் 31-ஐ உங்கள் வேலையின் கடைசி நாளாக ஏற்கும் எந்தத் தாளிலும் இப்போதைக்குக் கையொப்பமிட வேண்டாம். கையில் இருக்கும் படிவத்தின் தலைப்பை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். விருப்பத்தைத் தெரிவிக்கும் படிவம் என்றிருந்தால் அது பெரும்பாலும் உங்களைக் கட்டாது. தொகையைக் கணக்கிட்டுத் தந்த பிறகு நீங்கள் வேண்டாம் என்று சொல்லலாம். விலகுவதற்கான விண்ணப்பம் என்றோ, ஏற்கப்பட்டால் மீளப்பெற முடியாது என்றோ இருந்தால் கதை வேறு. உங்கள் கடிதத்தில் இரண்டு சொற்களையும் மாற்றி மாற்றி எழுதியிருக்கிறீர்கள், ஆகவே எது என்று எனக்குப் புரியவில்லை.

மே 19

நீங்கள் உள்ளூராட்சி ஓய்வூதியத் திட்டத்தில் இருக்கிறீர்கள். சம்பளத் தாளில் மாதந்தோறும் அதற்கான கழிவு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 2013-ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி, அந்தத் திட்டத்தில் இரண்டு ஆண்டுகளாவது இருந்த ஒருவர், 55 வயதிலோ அதற்குப் பிறகோ ரிடண்டன்சியால் (பணியிடமே நீக்கப்படும் ஆட்குறைப்பால்) வேலையிழந்தால், அதுவரை சேர்ந்த ஓய்வூதியம் வயதுக்காக எதுவும் வெட்டப்படாமல் உடனே வழங்கப்படத் தொடங்கும். கட்டாய விலகலா, விருப்ப விலகலா என்பது இதில் பொருட்டல்ல. காரணம் ரிடண்டன்சி என்று பதிவாக வேண்டும், கடைசி நாளில் 55 நிறைந்திருக்க வேண்டும்.

54 வயதில் வெளியேறினால் நிலைமை தலைகீழ். உங்கள் ஓய்வூதியம் தேங்கிக் கிடக்கும். உங்களுக்கு அரச ஓய்வூதிய வயது 67. முழுத் தொகை அப்போதுதான். 55 ஆனபின் நீங்களாகக் கேட்டு எடுக்கலாம், ஆனால் 12 ஆண்டுகள் முன்கூட்டி எடுப்பதற்காகப் பெரிய அளவில் வெட்டுவார்கள், அந்த வெட்டு ஆயுள் முழுதும் தொடரும். மார்ச் 31-க்கும் மே 19-க்கும் இடையில் உள்ள ஏழு வாரங்களின் விலை இதுதான். விருப்ப விலகலில் மேலதிகமாகத் தருவதாகச் சொல்லும் சில வாரச் சம்பளத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இனி நோட்டீஸ். சட்டப்படி ஓர் ஆண்டுச் சேவைக்கு ஒரு வாரம் என்ற கணக்கில் கூடியது 12 வாரம். உங்களுக்கு முழு 12 வாரமும் உண்டு. பெப்ரவரி 20-இல் நோட்டீஸ் தந்தால் அது மே 15-இல் முடிகிறது. உங்கள் பிறந்தநாளுக்கு நான்கு நாட்கள் முன்பு! நோட்டீஸ் பெப்ரவரி 24-ஆம் திகதியோ அதற்குப் பிறகோ உங்கள் கைக்கு வந்திருந்தால் கணக்கு மறுபக்கம் சாய்ந்துவிடும். யாரும் உங்களைக் குறிவைத்து இந்த நாளைத் தெரிந்தெடுத்ததாக நான் நினைக்கவில்லை. அட்டவணை போடுபவர்கள் நிதியாண்டைப் பார்த்துப் போடுவார்கள், பிறந்தநாள்களைப் பார்ப்பதில்லை. அதனால்தான் நீங்கள் சொல்ல வேண்டும்.

சொல்வதில் ஓர் ஆபத்தும் உண்டு, அதையும் மறைக்க விரும்பவில்லை. வெட்டில்லாத ஓய்வூதியத்தை முன்கூட்டித் தொடங்குவதற்கான மேலதிகச் செலவைக் கவுன்சில் ஓய்வூதிய நிதிக்குக் கட்ட வேண்டும். அந்தத் தொகையைக் கண்டு அவர்கள் உங்கள் விருப்ப விலகலையே மறுக்கலாம். கம்பிரியாவில் ஒரு சுகாதார அறக்கட்டளையின் தலைமை நிர்வாகி வுட்கொக் என்பவருக்கு, கலந்தாய்வுச் சந்திப்புக்கே காத்திராமல், நோட்டீஸ் அவருடைய 50-ஆவது பிறந்தநாளுக்கு முன் முடியும்படி கொடுத்தார்கள். அது வயதுப் பாகுபாடு என்று அவர் தொடுத்த வழக்கில், 2012-இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் நிர்வாகம் செய்ததை நியாயப்படுத்தக்கூடியது என்றே தீர்த்தது. அவருடைய பதவி ஏற்கெனவே மறைந்து நெடுநாளாகியிருந்தது, மாற்று வேலைக்கும் வாய்ப்பு இருக்கவில்லை என்பது அந்த வழக்கின் தனித்தன்மை. உங்கள் நிலை அப்படியல்ல. ஆனாலும், என் பிறந்தநாள்வரை வைத்திருந்தே ஆக வேண்டும் என்று உரிமையாகக் கேட்க முடியாது என்பதை அறிந்துகொண்டு பேசுங்கள். கேட்க வேண்டியது இவை: விருப்ப விலகலானால் கடைசி நாளை மே 20-க்கு நகர்த்துவார்களா? கட்டாய விலகலானால் நோட்டீஸை ஒரு வாரம் பிந்தித் தருவார்களா? நோட்டீஸுக்குப் பதிலாகப் பணம் தந்து முன்கூட்டி அனுப்பமாட்டோம் என்று எழுதித் தருவார்களா?

18 என்ற கணக்கு

அந்தக் கேள்வி-பதில் தாளில் உள்ள 18 எனக்கு நெருடுகிறது.

1992-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின் 188-ஆம் பிரிவு சொல்வது இது: ஒரே பணித்தலத்தில் 90 நாட்களுக்குள் 20 பேரையோ அதற்கு மேலோ ரிடண்டன்சியால் நீக்க எண்ணும் நிறுவனம், அங்கீகரிக்கப்பட்ட தொழிற்சங்கம் இருந்தால் அதனுடன் கலந்தாய வேண்டும். 20 முதல் 99 பேர் என்றால் முதல் வேலைநீக்கம் நடைமுறைக்கு வர 30 நாட்களுக்கு முன்பாவது தொடங்க வேண்டும். 100 பேரோ அதற்கு மேலோ என்றால் 45 நாட்கள் (2013 வரை இது 90 நாட்களாக இருந்தது). ஏன் நீக்குகிறோம், எத்தனை பேர், எந்த வகைப் பணியாளர், எப்படித் தெரிவு, இழப்பீட்டை எப்படிக் கணக்கிடுவது, முகவர் நிறுவனம் வழியாக எத்தனை பேரை வைத்திருக்கிறோம் என்பதையெல்லாம் எழுத்தில் தர வேண்டும். எச்ஆர்1 என்ற படிவத்தில் அரசுக்கும் அறிவிக்க வேண்டும். அதைத் தவறவிடுவது குற்றவியல் குற்றம்.

இந்த எண்ணிக்கையில் வெற்றிடங்கள் சேராது. அங்கே நீக்கப்படுவதற்கு ஆளில்லை. ஆகவே 31-இல் 8-ஐக் கழித்தது சரி. ஆனால் ஆட்குறைப்பு அறிவித்தபின் முன்வந்து விலகுகிறவர்களும் ரிடண்டன்சியால் நீக்கப்படுகிறவர்களே. அவர்களையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று 2007-இல் ஒப்டெயர் என்ற பேருந்துக் கட்டுமான நிறுவனம் தொடர்பான வழக்கில் வேலைவாய்ப்பு மேன்முறையீட்டு மன்று கூறியிருக்கிறது. 18-உடன் 5-ஐச் சேர்த்தால் 23. பழைய ஒப்பந்தத்தை முடித்துவிட்டு வேறு நிபந்தனைகளில் புதிய ஒப்பந்தம் தரப்படுவோர் இருந்தால் அவர்களும் எண்ணிக்கையில் சேர்வார்கள்.

கவுன்சிலிடம் இன்னொரு வாதம் இருக்கலாம்: ஒவ்வொரு கிளையும் தனித்தனிப் பணித்தலம், எந்தக் கிளையிலும் 20 பேர் இல்லை என்பது. இதை இலேசாக எடுத்துவிட முடியாது. வூல்வர்த்ஸ் கடைகள் மூடப்பட்டபோது, 20-க்குக் குறைவானோர் வேலைசெய்த சிறு கடைகளின் ஊழியர்கள் ஆயிரக்கணக்கானோர் இந்த வாதத்தால்தான், 2015-இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்ன விளக்கத்துக்குப் பிறகு, வெறுங்கையுடன் நின்றார்கள். ஆனால் நீங்கள் செவ்வாயில் ஒரு கிளையும் சனியில் இன்னொன்றுமாக ஓடுகிறீர்கள். ஒரே முகாமையாளர் எல்லாக் கிளைகளுக்கும் வேலை அட்டவணை போடுகிறார். நூலகச் சேவை முழுதும் ஒரே அலகு என்று சொல்வதற்கு அந்த அட்டவணையே சாட்சி. கடந்த ஆறு மாத அட்டவணைகளை எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கும் மே 19-க்கும் என்ன தொடர்பு? கலந்தாய்வு முடியுமுன் நோட்டீஸ் தரக்கூடாது என்பது 2005-இல் இருந்து நிலைத்துவிட்ட சட்டம். 23 பேர் என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தால், கவுன்சில் தொழிற்சங்கத்துக்கு உரிய கடிதத்தைக் கொடுத்து, மாற்று யோசனைகளைக் கேட்டு, பதில் சொல்லி முடித்த பிறகுதான் நோட்டீஸ் எழுதலாம். ஜனவரி இறுதியிலோ பெப்ரவரித் தொடக்கத்திலோ அதைத் தொடங்கும் ஒரு கவுன்சிலுக்கு பெப்ரவரி 20 என்ற நாள் தாங்காது. உங்களுக்கு வேண்டியதோ நான்கு நாட்கள்.

இந்தக் கலந்தாய்வுக் கடமையைச் செய்யாமல் விட்டால் வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம் பாதுகாப்பு இழப்பீடு வழங்கலாம். ஒருவருக்கு 90 நாள் சம்பளம் வரை என்று நெடுங்காலம் இருந்த உச்சத்தை 2025-ஆம் ஆண்டின் புதிய வேலைவாய்ப்பு உரிமைகள் சட்டம், 2026 ஏப்ரல் 6 முதல் 180 நாளாக்குகிறது. ஆனால் அங்கீகரிக்கப்பட்ட தொழிற்சங்கம் உள்ள இடத்தில் அந்த வழக்கைத் தொடுக்கும் உரிமை சங்கத்துக்கே உரியது. நீங்கள் தனியாகப் போய்க் கேட்க முடியாது. உங்கள் கவுன்சிலில் யுனிசன், ஜிஎம்பி ஆகிய இரண்டு சங்கங்களும் அங்கீகாரம் பெற்றவை என்று எழுதியிருக்கிறீர்கள். 18-இன் கணக்கைச் சவாலுக்கு உட்படுத்த வேண்டியவர்கள் அவர்கள்தாம். நீங்கள் செய்ய வேண்டியது, அந்தக் கேள்வி-பதில் தாளின் படி அவர்கள் கையில் இருக்கிறதா என்று பார்ப்பது.

யூனியனில் சேர்வது பற்றி

இங்கே இரண்டு தவறான எண்ணங்களைத் திருத்த வேண்டியிருக்கிறது. முதலாவது, உறுப்பினராக இல்லாதபடியால் சங்கம் பேசுவது உங்களுக்காக அல்ல என்பது. 188-ஆம் பிரிவுக் கலந்தாய்வில் சங்கம் அந்த வகைப் பணியாளர் அனைவருக்காகவும் பேசுகிறது. சந்தா கட்டுகிறவர், கட்டாதவர் என்ற பிரிப்பு அங்கே இல்லை. இரண்டாவது, சேர்ந்தால் பட்டியலில் பெயர் வரும் என்பது. தொழிற்சங்க உறுப்பினர் என்ற காரணத்துக்காக ஒருவரை ஆட்குறைப்புக்குத் தெரிவுசெய்வது தானாகவே நியாயமற்ற வேலைநீக்கமாகும், அதற்கு இத்தனை ஆண்டுச் சேவை இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகூட இல்லை. நடைமுறையில் இன்னொன்றும் சொல்கிறேன்: சந்தாவைச் சம்பளத்தில் கழிக்கச் சொல்லாமல் வங்கிக் கணக்கிலிருந்து நேரே கட்டினால், நீங்கள் உறுப்பினர் என்பது சம்பளப் பிரிவுக்கே தெரியவராது.

ஆனால் பிந்திச் சேர்வதற்கு ஒரு விலை உண்டு. சேருமுன் தொடங்கிவிட்ட பிரச்சினைக்குச் சங்கங்கள் பொதுவாகத் தம் செலவில் சட்டத்தரணியை அமர்த்தித் தருவதில்லை. கிளைப் பிரதிநிதியின் ஆலோசனை, சந்திப்புக்கு உடன்வருதல், கூட்டுப் பேச்சில் உங்கள் குரல் ஆகியவை கிடைக்கும். தனிப்பட்ட சந்திப்புக்கு ஒருவரைக் கூட்டிச் செல்வது ஒழுக்காற்று, முறைப்பாட்டு விசாரணைகளில் மட்டுமே சட்ட உரிமை என்றாலும், கவுன்சில்கள் பெரும்பாலும் ரிடண்டன்சிச் சந்திப்புகளிலும் அனுமதிக்கின்றன. கேட்டுப் பாருங்கள்.

நாடகமா?

வரவுசெலவு பெப்ரவரி இறுதியில் நிறைவேறத்தான் போகிறது. மார்ச் 11-க்குள் கவுன்சில் வரியைத் தீர்மானித்தாக வேண்டும் என்பது சட்டம். சமநிலையில்லாத வரவுசெலவை வைக்கவும் முடியாது. வெட்டு வேண்டாம், வரியை உயர்த்துங்கள் என்றால், பொது வாக்கெடுப்பு இல்லாமல் உயர்த்தக்கூடிய அளவு பெரும்பாலான கவுன்சில்களுக்கு 5 சதவீதத்தோடு நின்றுவிடுகிறது. முதியோர் பராமரிப்பும், பிள்ளைகள் பாதுகாப்பும், வீடற்றோருக்கான தற்காலிகத் தங்குமிடமும் பணத்தை விழுங்கியபின் கையை வைக்க எஞ்சுவது நூலகம், பூங்கா, இளைஞர் நிலையம். இது உங்கள் பரோவில் மட்டும் நடப்பதல்ல.

ஆனால் சபை வாக்களிப்பது ஒரு தொகைக்கு. நூலகச் சேவையில் இவ்வளவு மிச்சம்பிடிப்போம் என்ற ஒரு வரிக்கு. அந்த மிச்சத்தை எந்தக் கிளையில், எந்தப் பணியிடத்தில், எந்த நாளில் என்பதைத் தீர்ப்பது ஊழியர் கலந்தாய்வு. வேலைநீக்கத்தைத் தவிர்க்கும் வழி, எண்ணிக்கையைக் குறைக்கும் வழி, பாதிப்பைத் தணிக்கும் வழி என மூன்றையும் உடன்பாட்டை நோக்கிப் பேச வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. உங்கள் சக ஊழியர் சொன்னதுபோல, சங்கம் ஒப்பாவிட்டால் செய்ய முடியாது என்பதும் சரியல்ல. உடன்பாடு இல்லாமலும் கவுன்சில் முன்னே போகலாம், காது கொடுக்காமல் போகக்கூடாது. கட்டடங்களையும் மொத்தத் தொகையையும் மாற்றிய ஊழியர் கலந்தாய்வுகளை நான் அதிகம் கண்டதில்லை. திகதிகளையும், தெரிவுமுறையையும், மணித்தியாலங்களையும் மாற்றியவை பலவற்றைக் கண்டிருக்கிறேன். உங்களுக்குத் தேவைப்படுவது இரண்டாவது வகை.

கிளைகளின் நேரத்தைக் குறைப்பது பற்றி இணையத்தில் வந்த கருத்துக்கணிப்பை நிரப்பிவிட்டதால் உங்களைக் கலந்தாய்ந்து முடித்துவிட்டார்கள் என்று எண்ணியிருக்கிறீர்கள். அது பொதுமக்களுக்கான வேறு கலந்தாய்வு. அதற்கு விதி வகுத்தது 1985-இல் பிரெண்ட் கவுன்சிலுக்கு எதிராக, பாடசாலைகளை மூடும் விவகாரத்தில் எழுந்த கனிங் வழக்கு: முடிவு உருவாகும் கட்டத்திலேயே கேட்க வேண்டும், காரணத்தைப் புரியும்படி சொல்ல வேண்டும், போதிய காலம் தர வேண்டும், வந்த பதில்களை மனச்சாட்சியோடு எடைபோட வேண்டும். வெம்பிளியிலும் அல்பேர்ட்டனிலும் குடியிருக்கும் நம்மவர்களின் கவுன்சிலுக்கு எதிரான அந்த வழக்கின் பெயரிலேயே இந்நாட்டின் கலந்தாய்வு விதிகள் வழங்கிவருகின்றன. 2014-இல் ஹாரிங்கே கவுன்சில், வரிச் சலுகையை வெட்டும் திட்டத்தில் வேறு வழிகள் இருந்ததையே மக்களுக்குச் சொல்லாமல் விட்டதற்காக உச்ச நீதிமன்றத்தில் தோற்றது இந்த அளவுகோலில்தான். நூலகங்களைப் பொறுத்தவரை வரலாறு இரு பக்கமும் பேசும்: 2011-இல் குளோஸ்டர்ஷையரும் சமர்செட்டும் சமத்துவக் கடமையை (ஒரு முடிவு பல்வேறு மக்களை எப்படிப் பாதிக்கும் என்று எடைபோடும் கடமை) சரியாக நிறைவேற்றாததால் நீதிமன்றத்தில் தோற்றன, அதே ஆண்டில் பிரெண்ட் ஆறு நூலகங்களை மூடியதை எதிர்த்தவர்கள் தோற்றார்கள்.

அத்தான் சொன்னது

வங்குரோத்து என்று பத்திரிகைகள் எழுதுவது 1988-ஆம் ஆண்டு உள்ளூராட்சி நிதிச் சட்டத்தின் 114-ஆம் பிரிவின்கீழ் நிதித் தலைமை அதிகாரி விடுக்கும் அறிவிப்பை. நோர்தம்ப்டன்ஷையரில் 2018-இலும், குரொய்டனில் 2020-இலும், பேர்மிங்ஹாமில் 2023-இலும் அது வந்தது. கம்பனி முறிவதுபோல் கவுன்சில் முறிவதில்லை. புதிய செலவுகள் நிறுத்தப்படும், 21 நாட்களுக்குள் சபை கூடி ஆராய வேண்டும். ஊழியரின் சம்பளமும், ஏற்கெனவே கட்டுப்பட்ட ஒப்பந்தங்களும், சட்டபூர்வக் கடமைகளும் தொடரும். சட்டம் உறுதிசெய்த ரிடண்டன்சித் தொகை மறைந்துபோகாது. அத்தான் சொன்னதில் ஒரு சிறு உண்மை உண்டு: சட்டத்துக்கு மேலாகக் கவுன்சில் தன் விருப்பப்படி தரும் கூடுதல் தொகையை அது கொள்கையை மாற்றிக் குறைக்கலாம். உங்கள் ஓய்வூதியத்தோடு ஒப்பிட்டால் அது சிறிய இழப்பு.

தொகையைக் கணக்கிட்டுத் தந்த தாளில் சேவைக் காலம் 17 ஆண்டு என்றிருக்கிறது. அது தவறு. 1999-ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சேவைத் தொடர்ச்சி ஆணையின்படி, இடைவெளி இல்லாமல் ஒரு கவுன்சிலிலிருந்து இன்னொன்றுக்கு வந்தால் பழைய சேவையும் சேரும். பக்கத்துப் பரோவின் பாடசாலையில் வேலைசெய்த நான்கு ஆண்டும் உங்களுக்கு உரியவை. மொத்தம் 21, கணக்கில் எடுப்பது கூடியது 20. 41 வயதுக்குப் பிந்திய ஓராண்டுக்கு ஒன்றரை வாரம், அதற்கு முந்திய ஓராண்டுக்கு ஒரு வாரம் என்று எண்ணினால், 54 வயதில் 23.5 வாரமாக அவர்கள் போட்டது 26.5 ஆகிறது. பாடசாலையின் நியமனக் கடிதத்தையும் கடைசிச் சம்பளத் தாளையும் தேடி எடுங்கள்.

அதே ஆணைக்கு மறுபக்கமும் இருக்கிறது. பாடசாலையில் உதவியாளர் வேலை ஒன்று விளம்பரமாகியிருப்பதைப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். இங்கே வேலை முடியுமுன் இன்னொரு கவுன்சிலிலோ அந்த ஆணையில் அடங்கும் பாடசாலையிலோ நியமனத்தை ஏற்று, நான்கு வாரங்களுக்குள் அங்கே தொடங்கினால், ரிடண்டன்சித் தொகை கிடையாது. சேவை முறியாமல் தொடர்வதாகக் கொள்வார்கள். விண்ணப்பிக்கலாம். நியமனத்தை ஏற்கும் நாளையும் தொடங்கும் நாளையும் என்னைப் போன்ற ஒருவரிடமோ சங்கத்திடமோ காட்டாமல் முடிவுசெய்ய வேண்டாம்.

கவுன்சிலே மாற்று வேலை தந்தால் நான்கு வாரம் செய்துபார்க்கும் உரிமை உண்டு. பொருத்தமான வேலையைக் காரணமின்றி மறுத்தால் தொகையை இழக்கலாம். இரவு எட்டு மணிவரை நிற்க வேண்டிய வேலையைத் தாயாரின் பராமரிப்பைக் காட்டி மறுப்பது காரணமின்மை ஆகாது.

விருப்ப விலகலுக்கு உடன்படிக்கை ஒன்றில் கையொப்பம் கேட்பார்கள். கவுன்சிலைச் சாராத ஆலோசகர் ஒருவர் உங்களுக்கு விளக்காமல் அது உங்கள் வழக்குரிமையைப் பறிக்காது, அந்த ஆலோசகரின் கட்டணத்துக்குக் கவுன்சில் வழக்கமாக ஒரு தொகை தரும். நியாயமற்ற வேலைநீக்க வழக்கானால் வேலை முடிந்து மூன்று மாதத்துக்கு ஒரு நாள் முன்பாக, வேலைத் தகராறுகளில் சமரசம் செய்யும் ஏக்காஸ் அமைப்பிடம் போய்விட வேண்டும். புதிய சட்டம் இந்தக் காலத்தை நீட்டுகிறது என்றாலும் நீங்கள் மூன்று மாதத்தையே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரம்

திங்கட்கிழமை யுனிசனிலோ ஜிஎம்பியிலோ சேர்ந்து, கேள்வி-பதில் தாளையும் வேலை அட்டவணைகளையும் கிளைச் செயலாளருக்கு அனுப்புங்கள். அன்றே மனிதவளப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல். நான்கே வரி போதும்: என் தொடர்சேவை பாடசாலையில் தொடங்கியது, கணக்கைத் திருத்தித் தாருங்கள், மார்ச் 31-இலும் மே 20-இலும் விலகினால் என் ஓய்வூதியம் எவ்வளவு என்று இரண்டு மதிப்பீடுகள் வேண்டும், அவை கைக்கு வரும்வரை ஜனவரி 30 என்ற எல்லையை எனக்கு நீட்டித் தாருங்கள், இதைக் கலந்தாய்வுக்கான என் பதிலாகவும் பதிவுசெய்யுங்கள். கோபம் வேண்டாம், வழக்குத் தொடுப்பேன் என்ற சொல்லும் வேண்டாம். எல்லை நீளவில்லை என்றால், படிவம் உங்களைக் கட்டாத வகையாக இருந்தால் மட்டும், மதிப்பீடு கிடைக்கும்வரை முடிவு இல்லை என்று அதிலேயே எழுதிக் கொடுங்கள்.

கடைசியாக, நம்மவர் கவுன்சிலர். 2001-ஆம் ஆண்டு நிலையியற் கட்டளை ஒழுங்குவிதிகளின்படி, மிக உயர்ந்த சில பதவிகளைத் தவிர, எந்த ஊழியரை நியமிப்பது, எவரை நீக்குவது என்பதில் கவுன்சிலர்கள் தலையிட முடியாது. அது நிர்வாகத் தலைமை அதிகாரிக்கும் அவர் பொறுப்பளித்தவர்களுக்கும் உரியது. உங்கள் பெயரைச் சொல்லி அவர் ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்தால் அவருக்கும் சங்கடம், நேர்முகத்தில் உங்களுக்கும் கேடு. அவரிடம் உங்கள் வேலையைப் பற்றிப் பேசாதீர்கள்.

கதைநேரத்தைப் பற்றிப் பேசலாம், அதையும் நீங்கள் பேசுவதைவிடப் பெற்றோர் பேசுவது நல்லது. சனி காலையில் எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள், தமிழ்ப் புத்தகங்கள் மாதம் எத்தனை தடவை இரவலாகின்றன, கதவு அட்டையில் திறக்கும் நேரத்தில் ஏழு வயதுப் பிள்ளை உள்ளே வர முடியுமா என்பதைச் சமத்துவப் பாதிப்பு மதிப்பீட்டில் எழுதினீர்களா என்று சபையில் எழுந்து கேட்பது அவருடைய வேலை. நீங்கள் ஒவ்வொரு சனியும் எழுதிவைத்த அந்த வருகைக் கொப்பியை, முகாமையாளரிடம் சொல்லிவிட்டு, பொதுக் கலந்தாய்வு முடியுமுன் சேவை மீளாய்வுக் கோப்பில் சேர்ப்பியுங்கள்.